புள்ளித்திட்டத்தில் காரணத்துக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் தமிழ்மொழி ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். கடந்த தவணைப் பரீட்சையின் தரம் 11 தமிழ் விடைத்தாள்கள் வேறு பாடசாலைகளில் திருத்தப்பட்டுத் திரும்பியதும், ஆசிரியர்கள் சிலர் முறையிட்டதும், "புள்ளித்திட்டத்தின்படியே திருத்தப்பட்டது" என்று பதில் வந்ததும் தாங்கள் அறிந்தவை. அந்தப் புள்ளித்திட்டத்தையே மாற்றித் தருமாறு கேட்கிறேன்: காரணம் காட்டி எழுதும் பிள்ளைக்கு அதற்கென்று புள்ளி வேண்டும்.

மாணவருக்குக் கையடக்கத் தொலைபேசி தேவையா என்பது கட்டுரைத் தலைப்பு. என் மாணவி ஒருத்தி தேவை என்று எழுதினாள். கொரோனாக் காலத்தில் பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோது, சிக்னல் தேடித் தேயிலை மலையேறிய பிள்ளைகளுக்கு அக்கருவியே வகுப்பறையாக இருந்தது என்பது அவள் காட்டிய ஆதாரம். பிறகு, "தொலைபேசியால் படிப்புக் கெடும் என்பாரும் உளர்" என்று மறுதரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லி, கெடுவது கண்காணிப்பு இல்லாத இடத்தில்தான், ஆகவே வேண்டியது தடையன்று, ஒழுங்கு என்று விடையும் கூறினாள். அந்தப் பந்தி முழுவதையும் சிவப்புப் பேனை வட்டமிட்டிருக்கிறது; ஓரத்தில் "முரண்பாடு" என்று ஒரு சொல். முன்னுரைக்கு நேரே "பழமொழி இல்லை". அதே விடைத்தாள் கட்டில், "இன்றைய நவீன விஞ்ஞான யுகத்திலே" என்று தொடங்கி, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழையையும் விட்டிருந்த கட்டுரைகளுக்கு அவளைவிடக் கூடிய புள்ளி. அவை எந்த வழிகாட்டி நூலில் இருந்து வந்தன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். புள்ளிகளை அந்நூலை எழுதியவருக்கே அனுப்பிவிட்டால் பிள்ளைகளுக்குச் சிரமமாவது குறையும். "அடுத்த முறை அந்தப் பந்திய விட்டுறவா டீச்சர்?" என்று அவள் கேட்கிறாள். தாங்களே சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்வது?

மறுதரப்பை எடுத்துரைத்து மறுப்பது தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில் அறவண அடிகள் அனுமானத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கற்பிக்கிறார்: இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம் (நிலைப்பாடு), புகை இருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இதை வகுப்பில் சொன்னபோது, "அது புகையா இல்லாம பனியா இருந்தா?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். பனியோ புகையோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு எனத் துணிவதை அக்காப்பியமும் ஏதுவின் குற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. தினமும் பனிமூட்டத்தில் நடந்து பாடசாலைக்கு வரும் பையனுக்கு அது தானாகத் தோன்றியது. தங்கள் புள்ளித்திட்டத்தில் அவனது கேள்விக்கு ஒரு புள்ளியும் இல்லை.

மலையகத்தில் காரணம் காட்டி வாதிடுவது பரீட்சையோடு முடிகிற காரியமன்று. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானிக்கு வரும்வரை பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது; காணி உறுதிக்கான வாதம் இன்னும் முடியவில்லை. பத்தாண்டு தமிழ் படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போதே, பிரதேச செயலகத்துக்கு ஒரு மனு எழுதப் பெற்றோர் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். "காலம் பொன் போன்றது" என்று தொடங்க அப்பிள்ளைக்குத் தெரியும். தன் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, குடிநீர்க் குழாய் ஏன் வேண்டும் என்பதைச் சான்றோடு எழுத நாம் கற்றுக்கொடுக்கவில்லை. நம் தலைவர்களின் மேடைப் பேச்சுகளையும் இதே திட்டத்தில் திருத்தினால் எல்லோரும் அதிவிசேட சித்தி பெறுவார்கள். அங்கே பழமொழிக்குப் பஞ்சமில்லை. அது வேறு கதை, மன்னிக்கவும்.

அடுத்த தவணை வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன், வாதக் கட்டுரையில் நிலைப்பாடு, காரணம், ஆதாரம், மறுதரப்புக்கான விடை ஆகியவற்றுக்குத் தனித்தனியே புள்ளி ஒதுக்கி, அத்திட்டத்தை ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த மாணவியின் விடைத்தாளை வேறொருவரைக் கொண்டு மீளத் திருத்துவிக்கவும் வேண்டுகிறேன். பிரதி என்னிடம் உள்ளது, கேட்ட அன்றே அனுப்புவேன்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலைத் தமிழாசிரியை ஒருத்தி