'ஸ்பேம் இல்லை' என்ற பட்டன் சர்வர் வரை போகட்டும்: மின்னஞ்சல் செயலிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மின்னஞ்சல் செயலிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. ஸ்பேம் வடிகட்டி தவறாக ஒதுக்கிவிட்ட மடல்களைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் அதில் அடக்கம். உங்களிடம் ஒரு கோரிக்கை: உங்கள் செயலியில் இருக்கும் 'ஸ்பேம்', 'ஸ்பேம் இல்லை' பட்டன்களை, சர்வரில் ஓடும் வடிகட்டியோடு இணையச் சேவை வழியாக இணைத்துக் கொடுங்கள்.

இப்போது பல செயலிகளில், பயனர் அந்தப் பட்டனை அழுத்தினால் தகவல் அவருடைய கணினியைத் தாண்டுவதில்லை. செயலிக்குள் இருக்கும் வடிகட்டி மட்டும் கற்றுக்கொள்கிறது. சில செயலிகள் ஐமேப் (IMAP, சர்வரில் உள்ள மடல்களைச் செயலி படிக்கும் நெறிமுறை) வழியே 'ஜங்க்' என்று மடலில் குறி போடுகின்றன, நல்லதுதான். ஆனால் குறி போட்டதாலேயே சர்வர் வடிகட்டிக்குப் பாடம் போய்ச் சேராது.

அதனால் நாங்கள் சர்வர் பக்கம் ஒட்டுப்போடுகிறோம். மடல் ஸ்பேம் ஃபோல்டருக்குள் போனால் ஸ்பேம், வெளியே வந்தால் நல்ல மடல் என்று வடிகட்டிக்குச் சொல்லும் ஸ்கிரிப்டுகள் எழுதுகிறோம். ஒருவர் ஸ்பேம் ஃபோல்டரைச் சுத்தம் செய்வதற்காக எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிக்கு நகர்த்துகிறார் என்று வையுங்கள். அதற்கு விதிவிலக்கு எழுதாவிட்டால், அத்தனை மோசடி மடல்களும் நல்லவை என்று பதிவாகிவிடும். மடல் நகர்ந்த திசையைப் பார்த்து மனிதரின் எண்ணத்தை நாங்கள் ஊகிக்கிறோம். பட்டனை அழுத்தியவர் என்ன நினைத்தார் என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியும்.

இதற்குப் பெரிய வேலை தேவையில்லை. சர்வரில் ஓடும் வடிகட்டிகளில் ஒன்றான ஆர்ஸ்பாம்டி (Rspamd) ஏற்கெனவே, இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி (HTTP) நெறிமுறையில்தான் பேசுகிறது. மடலை அனுப்பினால் மொத்த மதிப்பெண்ணையும், எந்த விதி எத்தனை புள்ளி சேர்த்தது என்பதையும் நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசான் (JSON) வடிவில் திருப்பித் தருகிறது. ஸ்பேம் என்று கற்றுக்கொடுக்க ஒரு முகவரி, நல்ல மடல் என்று கற்றுக்கொடுக்க இன்னொன்று. ஸ்பாம்அசாசின் (SpamAssassin) என்ற இன்னொரு வடிகட்டிக்குத் தனி நெறிமுறை உண்டு, அதற்கு முன்னால் ஒரு சிறு எச்டிடிபி சேவையை நாங்களே வைத்துக்கொள்வோம்.

அப்புறம், மூல மடலை ஹெடர்களோடு (மடலின் தலைப்பு வரிகளோடு) அப்படியே அனுப்புங்கள். ஃபார்வேர்டு செய்தால் அது வந்த வழியைச் சொல்லும் வரிகளும் அனுப்பிய தளத்தை உறுதிசெய்யும் டீகிம் (DKIM) கையொப்பமும் போய்விடும். வடிகட்டி பயனரின் முகவரியையே சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளும். சேவையிலிருந்து பதில் வரத் தாமதமானால் மடலைப் பிடித்து வைக்காதீர்கள், இன்பாக்ஸில் காட்டிவிடுங்கள். மடல் பயனரின் சொந்த சர்வருக்கு மட்டும், டிஎல்எஸ் (TLS) என்ற மறையாக்கம் வழியாக, ஆளுக்கொரு டோக்கனோடு (அடையாளச் சாவியோடு) போகட்டும். வெளியார் நடத்தும் சேவைக்கு அனுப்புவதாக இருந்தால் பயனரிடம் தெளிவாகக் கேட்டு அனுமதி வாங்குங்கள். அடுத்தவர் எழுதிய கடிதம் அது.

'ஸ்பேம் இல்லை' பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மடல்களில் வரும் சொற்களை வைத்து நிகழ்தகவு கணக்கிடும், ஸ்பாம்அசாசினின் பேய்ஸ் (Bayes) வடிகட்டி, இயல்பு அமைப்பில் 200 ஸ்பேமும் 200 நல்ல மடலும் பார்த்த பிறகே மதிப்பெண் போடத் தொடங்கும். ஸ்பேமுக்குப் பஞ்சமில்லை. நல்ல மடல் எது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. இன்பாக்ஸுக்குள் நுழைந்த ஒரு ஸ்பேமை அழிக்க ஒரு நொடி போதும். வேலைக்கான நேர்காணல் அழைப்பு ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தால், அனுப்பியவர் பதில் வரவில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பெற வேண்டியவருக்கு அப்படி ஒரு மடல் வந்ததே தெரியாது. இவ்வளவு முக்கியமான பட்டனைச் சில செயலிகள் மூன்றாவது மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கின்றன. தயவுசெய்து அதை மடலின் மேலேயே வையுங்கள். எந்த விதியால் அந்த மடல் ஒதுக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

அமைப்புப் பக்கத்தில் சேவையின் முகவரிக்கு ஒரு பெட்டி, டோக்கனுக்கு ஒரு பெட்டி, இவ்வளவு இருந்தால் எங்களுக்குப் போதும். சோதித்துப் பார்க்க ஜிடியூப் (GTUBE) என்ற சோதனை எழுத்துச் சரம் இருக்கிறது. அது உள்ள மடலுக்கு ஸ்பாம்அசாசின் 1000 புள்ளி போடும். உங்களில் யார் முதலில் செய்தாலும், சர்வர் பக்கத்து வேலையை நான் செய்து தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மின்னஞ்சல் சர்வர் நிர்வாகி