ஈரக் காலடியைப் பார்த்து எங்கள் பிள்ளைகளைக் கழிக்காதீர்கள்

கொழும்புப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பாடசாலைக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இம்முறை என் மகளின் பாடசாலையில் புதிதாக ஒன்று நடந்தது. பிள்ளைகளின் கால்களை நனைத்துச் சீமெந்துத் தரையில் மிதிக்கவைத்து, உட்பக்க வளைவு தெரியாமல் அடையாளம் முழுதாகப் பதிந்தவர்களை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். "உங்களுக்குத் தட்டைப் பாதம். ஓடினால் கால் பழுதாகும். சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல் வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தில் இல்லை." போன வருடம் 800 மீற்றர் ஓடிய என் மகளும் அந்தப் பக்கம்தான். சரி, ஓட வேண்டாம் என்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. அணிநடைக்கு ஆள் காணாது என்று அங்கே சேர்த்துவிட்டார்கள்.

பாடசாலையின் பெயரை நான் எழுதவில்லை. உரியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் இதைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அந்த அணிநடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுமுறை முழுவதும் புத்தகமும் கையுமாக வீட்டில் இருந்த பிள்ளை. பாடசாலை தொடங்கிய கிழமையே, கடைசி மணி அடித்ததிலிருந்து பொழுது சாயும் வரை, சீமெந்து முற்றத்தில், அடி தேய்ந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு காலைத் தூக்கித் தூக்கிக் குத்த வேண்டும். சத்தம் காணாது என்றால் திரும்பவும் முதலிலிருந்து. மத்தியானச் சாப்பாடு கன்ரீன் ரோல்ஸ் ஒன்று. முடிந்ததும் அதே உடுப்போடு ரியூஷன். கொஞ்ச நாளில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே, கணைக்காலின் உட்பக்கம், எலும்போரமாக நோகத் தொடங்கியது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். பயிற்றுநரிடம் சொன்னபோது வந்த பதில்: "தட்டைப் பாதம்தானே, அப்படித்தான் இருக்கும்."

மன்னிக்க வேண்டும், அது போதுமான பதில் இல்லை. பாதத்தின் அமைப்புக்கும் கால் நோவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. வளைவு தாழ்ந்து பாதம் உட்பக்கம் சரிந்தவர்களுக்கு இந்தக் கணைக்கால் நோ வரும் வாய்ப்புச் சற்றுக் கூட என்று ஆய்வுகள் சொல்கின்றன. சற்றுத்தான். டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே மாதிரியான சாதாரணச் சப்பாத்துக் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். முடிவு 2014இல் வந்தது: பாதம் உட்சரிந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காயப்படவில்லை. அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்துத் தெரிந்து கொடுத்தும் காயங்கள் குறையவில்லை. அளந்துதான் ஆக வேண்டும் என்றால், பாதத்தில் ஆறு விடயங்களைப் பார்த்து -12 முதல் +12 வரை புள்ளியிடும் முறை ஒன்று இருக்கிறது; ஒரு வாளித் தண்ணீர் போதாது. பிள்ளை நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது வளைவு தெரிகிறதா, நோவும் இல்லையா, அந்தப் பாதத்துக்கு வைத்தியமே வேண்டாம். இறுகிப்போய் நோகும் பாதம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நோவுக்குப் பெரிய காரணம் உங்கள் கையில் இருக்கும் நேர அட்டவணை. அடி விழ விழ எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு ஓய்வு நாளும் சாப்பாடும் வேண்டும். அவை இல்லாமல் திடீரென்று சுமையைக் கூட்டினால் முதலில் நோ, பிறகு எலும்பில் மயிரிழை வெடிப்பு. நீண்ட அணிநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி நோவதைப் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹவுப்ட் 1855இலேயே எழுதிவைத்தார். அவர்கள் வளர்ந்த ஆண்கள். நம்முடையவர்கள் தரம் 9 பிள்ளைகள்.

ஈரக் காலடியில் எதிர்காலம் தெரியுமென்றால் கைரேகை பார்ப்பவரையே பயிற்றுநராக நியமிக்கலாம், செலவும் குறையும். போட்டியன்று விருந்தினருக்குக் கொட்டகை, கதிரைக்கு வெள்ளைத் துணி, குளிர்பானம். பிள்ளைகளுக்கு மட்டும் வெயில். ஒரு மணி நேரம் வரவேற்புரை கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இந்தக் கொழும்பில் புதுக் கட்டடம் எழும்பாத பாடசாலை இல்லை, புல் மிஞ்சிய பாடசாலைதான் குறைவு. எழுதிக்கொண்டே போனால் கோபம் கூடுகிறது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பாத அடையாளத்தை வைத்து ஒரு பிள்ளையையும் ஓட்டத்திலிருந்து நீக்காதீர்கள். பயிற்சியை முந்திய தவணையிலேயே சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். அணிநடையைப் புல்லில் பழக்குங்கள். புல் இல்லையென்றால் நேரத்தையாவது பாதியாக்குங்கள். நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். விரல் வைத்த ஒரே இடத்தில் துடிக்கும் நோ, இரவில் எழுப்பும் நோ என்றால் அன்றைக்கே நிறுத்திப் பெற்றாருக்கு அறிவியுங்கள். இன்சோல் வாங்கச் சொல்லி எங்களை அலைக்கழிக்காதீர்கள்.

என் மகளின் பாடசாலையிடம் தனியாக ஒன்று. நோ மாறியதும் அவளையும் அந்தப் பக்கம் நிறுத்திய மற்றப் பிள்ளைகளையும் தெரிவு ஓட்டத்துக்கு அழைத்து, ஓடி முடித்த நேரத்தைப் பார்த்து முடிவெடுக்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரம் 9 மாணவி ஒருத்தியின் தாய்
வெள்ளவத்தை, கொழும்பு