ஐசியூவில கண் முழிக்காத ஆக்களுக்கு ஈஈஜி எடுங்க

ஆசிரியருக்கு,

வலிப்பு எண்டா கை கால் இழுத்து வாயில நுரை தள்ளுறதுதான் எண்டு எங்கட ஆக்கள் நினைக்கிறாங்க, ஆனா ஐசியூவில மயங்கிக் கிடக்கிறவருக்கு உடம்பு அசையாமலே மூளைக்குள்ள மட்டும் மணிக்கணக்கா வலிப்பு ஓடலாம். சிடி ஸ்கேன்ல அது தெரியாது. தலையில வயர் ஒட்டி மூளையிட மின் ஓட்டத்தைப் பதியிற ஈஈஜியிலதான் பிடிபடும். 2000ஆம் ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வு ஒண்டில, வெளியில வலிப்பு அறிகுறியே இல்லாம கோமாவில கிடந்த 236 பேருக்கு எடுத்துப் பார்த்தா 8 வீதமானவங்களுக்கு உள்ளுக்க விடாம வலிப்பு.

எங்கட பெரியம்மா மூளையில இரத்தக் கசிவு வந்து இங்க கொழும்பில ஒரு ஐசியூவில இருந்த நேரம், இடது கண் இமை சின்னச் சின்னதா துடிச்சிட்டே இருந்திச்சு, வாயோரமும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, கண் ரெண்டும் ஒரே பக்கமா போய் நிண்டுச்சு. நைட் டியூட்டி நேர்ஸ் அதைக் கவனிச்சு உடனே டொக்டருக்குச் சொன்னா, அவக்கு கோடி புண்ணியம், ஆனா அண்டைக்கு சனிக்கிழமை, ஈஈஜி எடுக்கிறவர் திங்கள்தான் வருவாராம். திங்கள் எடுத்த பிறகுதான் வலிப்பு எண்டு உறுதியாகி மருந்தை ஏத்தினாங்க. நோய்க்கு சனி ஞாயிறு தெரியுமா?

மருந்து இல்லாத விசயமும் இல்ல இது. லொராசிபாம், மிடசோலம் மாதிரி ஒண்டை முதல்ல ஊசியா போட்டு, பிறகு லெவெட்டிரசிட்டம், வல்ப்ரோயேட், பெனிட்டோயின் எண்டு குடுக்கிறாங்க. அதோட இரத்தத்தில சோடியம், சீனி குறைஞ்சிருக்கா, கிருமித் தொற்றா, கிட்னி பழுதான ஆளுக்கு செபிபைம் மாதிரி அன்டிபயோடிக் போகுதா எண்டும் பார்க்கணும், காரணத்தை விட்டுட்டு வலிப்பை மட்டும் அடக்கி சரிவராது.

ஈஈஜியை அரை மணித்தியாலம் எடுத்துட்டு வலிப்பு இல்ல எண்டு முடிக்கவும் ஏலாது. 2004இல வந்த இன்னொரு ஆய்வில வலிப்பு பிடிபட்ட கோமா நோயாளிகள்ல 5 பேர்ல ஒருத்தருக்கு ஈஈஜி தொடங்கி 24 மணித்தியாலம் கழிஞ்சுதான் அது தெரிஞ்சிருக்கு.

பெரிய வைத்தியசாலைகள்லயாவது இரவிலயும் லீவு நாள்லயும் ஈஈஜி எடுக்க ஆள் போடுங்க, பதிவை ஒன்லைன்ல அனுப்பினா நரம்பியல் டொக்டர் வீட்டில இருந்தே பார்த்துச் சொல்லலாமே. சொந்தக்காரரும் கண் இமை, உதடு, விரல் துடிக்கிறதைக் கண்டா நேர்ஸிட்ட கேட்டு போன்ல வீடியோ எடுத்து டொக்டருக்குக் காட்டுங்க, கை கால் வலிப்பு நிண்ட பிறகும் ஆள் முழிக்காட்டி ஈஈஜி எப்ப எடுப்பீங்க எண்டு தயங்காம கேளுங்க.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை