அறுவை அரங்கின் வீடியோ பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவின் வருகை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோயின் அறிகுறியைச் சொல்லும் மென்பொருள், விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைச் சொல்லும் மென்பொருள் என நிறைய எழுதப்படுகிறது. ஆனால் அறுவை அரங்கின் கதவுக்கு உள்ளே நடப்பதைப் பற்றிய பேச்சு மிகவும் குறைவு. தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது அறுவை சிகிச்சை செய்து ஓய்வுபெற்ற நான் ஒன்றை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். சிறு துளை வழியே கேமராவை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையின் வீடியோவை நோயாளியின் மருத்துவ ஆவணத்தில் ஒரு பகுதியாகக் கருதிப் பதிவு செய்து, பாதுகாத்து, மருத்துவர்கள் கூடி அமர்ந்து பார்க்கும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் முதலில் வர வேண்டும். அது வராதவரை, எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் அறுவை சிகிச்சையில் அதன் பயன் நோயாளியைச் சென்று சேராது.

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றும் முறையை 1985-இல் ஜெர்மனியில் எரிக் முஹே முதன்முதலாகச் செய்தார். இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். வயிற்றைத் திறந்து கைவிட்டுத் தொட்டுப் பார்த்து வேலை செய்த தலைமுறைக்கு அது பெரிய மாற்றம். விரல் நுனியின் உணர்வு போய்விட்டது. தொப்புளருகே நுழைக்கப்பட்ட கேமரா திரையில் காட்டுவது மட்டுமே மிஞ்சியது. அந்த அறுவை தொடக்கம் முதல் முடிவு வரை திரையில் ஓடும் ஒரு வீடியோ. புதிதாகக் கேமரா எதையும் மாட்ட வேண்டியதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். நம் அரங்குகளில் அந்தப் பொத்தான் பெரும்பாலும் அழுத்தப்படுவதே இல்லை.

இதன் விலை என்ன என்பதைப் பித்தப்பை அறுவையைக் கொண்டே விளக்கிவிடலாம். பித்தப்பையிலிருந்து இறங்கும் சிறு குழாயைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதற்கு அருகிலேயே, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் பொதுப் பித்தநாளம் இருக்கிறது. உதவியாளர் பித்தப்பையைப் பற்றி மேலே இழுக்கும்போது பெரிய நாளமும் கூடவே இழுபட்டு, சிறிய குழாயின் நேர்கோட்டுக்கு வந்துவிடும். அப்போது பெரியது சிறியதாகத் தோன்றும். அதை வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே தடம் மாறிப்போகும். இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து லாரன்ஸ் வே தலைமையிலான குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 97 சதவீதக் காயங்களுக்கு முதன்மைக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கண்ணின் மயக்கமே என்று கண்டறியப்பட்டது. வெட்டியவர் தவறான இடத்தை வெட்டுகிறோம் என்ற ஐயமே இல்லாமல், முழு நம்பிக்கையோடு வெட்டியிருக்கிறார்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் அறிந்தவன் அல்லன். 2001-ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்தேன். சிக்கலில்லாத அறுவை என்றே நினைத்தேன். குறிப்பேட்டில் ‘பித்தப்பைக் குழாய் தெளிவாக அடையாளம் காணப்பட்டு, கிளிப் இடப்பட்டு வெட்டப்பட்டது’ என்று என் கைப்பட எழுதினேன். நான்காம் நாள் காலைச் சுற்றில் அவருடைய கண்ணில் மஞ்சள் தெரிந்தது. சென்னைக்கு அனுப்பினோம், அங்கே குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலின் பித்தநாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவையைச் செய்து அவரைக் காப்பாற்றினார்கள். எங்கள் அரங்கில் அப்போது ஒரு வி.சி.ஆர். இருந்தது, கேசட் ஒன்றுதான். அந்த வாரம் அடுத்தடுத்து வந்த நோயாளிகளின் அறுவைகள் அதே கேசட்டின் மீது பதிவாகிவிட்டன. அந்தப் பெண்ணின் கணவர் வராந்தாவில் என்னை நிறுத்தி, “எந்த இடத்துல தப்பு நடந்துச்சு டாக்டர்?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எந்த நிமிடத்தில், எதைப் பார்த்து, எதை எதுவென்று நினைத்தேன் என்பதை அவருக்கும் சொல்ல முடியவில்லை; இன்றுவரை எனக்கும் தெரியாது. என் கைப்பட எழுதிய குறிப்பு மட்டும் எல்லாம் சரியாக நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எழுதியது பொய் அல்ல, நம்பியதை எழுதினேன். உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, காலோ முக்கோணம் எனப்படும் இடத்தைக் கொழுப்பு நீக்கிச் சுத்தம் செய்து, பித்தப்பைக்குள் செல்பவை அதன் சிறு குழாயும் தமனியும் ஆகிய இரண்டே இரண்டு என்று கண்ணால் கண்ட பிறகே வெட்ட வேண்டும் என்ற பாதுகாப்பு நெறியை அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் வகுத்தார். நெதர்லாந்தில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சிக்கல் நேர்ந்த நோயாளிகளின் குறிப்புகளையும் வீடியோக்களையும் ஒப்பிட்டது. இந்த நெறியை நிறைவேற்றியதாக 80 சதவீதக் குறிப்புகள் கூறின. வீடியோவில் பார்த்தபோது அது நிறைவேறியிருந்தது 10.8 சதவீதத்தில் மட்டுமே. அறுவைக் குறிப்பு ஒருவரின் நினைவு என்பதையும், நடந்ததைக் காட்ட வீடியோவால்தான் முடியும் என்பதையும் இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

கணினி எதுவும் இல்லாமலே வீடியோவைப் பார்ப்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், உடற்பருமனுக்கான அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கொரு வீடியோவைக் கொடுத்தனர். செய்தவர் யார் என்று தெரியாமலே சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டனர். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், மதிப்பெண்ணில் கடைசிக் கால் பகுதியினரிடம் சிகிச்சை பெற்றவர்களில் 14.5 சதவீதத்தினருக்கும், முதல் கால் பகுதியினரிடம் சிகிச்சை பெற்றவர்களில் 5.2 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரைச் சேர்ந்த குழு ஒன்று, வெட்டுவதற்கு முன் 5 விநாடி கையை நிறுத்தி, பாதுகாப்பு நெறி நிறைவேறியதா என்று உரக்கச் சொல்லிச் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக 343 அறுவைகளின் வீடியோக்களை ஆராய்ந்தபோது, நெறி நிறைவேறிய விகிதம் 15.9 சதவீதத்திலிருந்து 44.1 சதவீதமாக உயர்ந்திருந்தது. வெறும் 5 விநாடி! அதற்குக் காசு செலவில்லை. ஆனால் வீடியோ இல்லையென்றால் அந்த மாற்றத்தை அளந்திருக்கவே முடியாது.

செயற்கை நுண்ணறிவு இந்த அடித்தளத்தின் மீதுதான் எழுந்தது. அதே ஸ்ட்ராஸ்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 13 மருத்துவர்கள் செய்த 80 பித்தப்பை அறுவைகளின் வீடியோக்கள் ‘கோலெக்80’ என்ற தொகுப்பாக ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அறுவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கருவி கையில் இருக்கிறது என்று அடையாளம் காணக் கணினிகள் அதிலிருந்து கற்றன. கனடாவின் டொராண்டோவில் அமீன் மதானி குழுவினர் உருவாக்கிய மென்பொருள், திரையில் ஓடும் படத்தின் மீது கை வைக்கத்தக்க பகுதியைப் பச்சையாகவும் வைக்கக்கூடாத பகுதியைச் சிவப்பாகவும் காட்டுகிறது. 2001-இல் எனக்கு நேர்ந்த கண் மயக்கத்தின் நடுவே அப்படி ஒரு சிவப்பு நிறம் திரையில் தோன்றியிருந்தால், என் கை ஒரு கணம் நின்றிருக்கும் என்று மனமார நம்புகிறேன்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் துறை இவ்வளவு முன்னால் போனதற்கும் அறுவைத் துறை பின்தங்கியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அரசு அனுமதித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கை நுண்ணறிவு மருத்துவக் கருவிகளில் மிகப் பெரும்பான்மை கதிரியக்கத் துறையைச் சேர்ந்தவை. அத்துறையில் படத்தைச் சேமித்து வைப்பதே வழக்கம். பிலிமாக இருந்த காலத்திலும் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்கள். எண்வயமான பிறகு 1993 முதல் ‘டைகாம்’ என்ற பொது வடிவத்தில் சேமித்தார்கள். அந்தச் சேமிப்பின் பலனைத்தான் இன்று பார்க்கிறோம். ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் முதல் முடிவுகள் வெளியான மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், கண்டறியும் திறன் குறையாமலே மருத்துவர்களின் படம் பார்க்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது. காசநோய்க்கு, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் கணினி பார்ப்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அறுவை மருத்துவர்களாகிய நாமோ, சேர்த்து வைத்திருந்தால் பெருஞ்செல்வமாகியிருக்கக்கூடிய காட்சிகளை நாள்தோறும் அழித்துவிட்டோம்.

வெளிநாட்டு வீடியோக்களில் கற்ற மென்பொருளை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. நம் மாவட்ட மருத்துவமனைக்கு வரும் பித்தப்பை நோயாளி முதல் வலியிலேயே வருவதில்லை. வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்து, பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கி, நாலைந்து முறை வலியைப் பொறுத்துக்கொண்டு, கதிர் அறுப்பு முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறார். உள்ளே பார்த்தால் பித்தப்பை தடித்துச் சுருங்கி, குடலும் கொழுப்புத் திரையும் அதன்மேல் ஒட்டிக் கிடக்கும். சுத்தமான முக்கோணத்தையே பார்த்துப் பழகிய கணினிக்கு அந்தக் காட்சி அந்நியமாகவே இருக்கும். தாய்லாந்தில், ஆய்வுக்கூடத்தில் சிறப்பாக வேலை செய்த விழித்திரை மென்பொருளை 11 சுகாதார நிலையங்களில் பயன்படுத்தியபோது, போதிய வெளிச்சமில்லாத அறைகளில் எடுக்கப்பட்டவை உட்பட ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தகுதியற்றவை என்று அது தள்ளிவிட்டதாக 2020-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் நோயாளியின் உடலையும் நம் அரங்கின் விளக்கையும் நம் பழைய கேமராவையும் கணினி அறிய வேண்டுமானால், அவற்றின் பதிவு அதற்குக் கிடைத்தாக வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலந்தின் நான்கு மையங்களில் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள், சிறு கட்டிகளைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவோடு சில மாதங்கள் பழகினார்கள். பிறகு அது இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளில், புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அனுபவமிக்கவர்களுக்கே இந்த நிலை என்றால், இனிமேல்தான் கற்கப்போகும் முதுநிலை மாணவர்களின் கண் எப்படிப் பழகும்? ஆகவே கணினியிடம் கொடுப்பதற்கு முன்பே, மாணவர்கள் வாரந்தோறும் தங்கள் அறுவை வீடியோவை ஆசிரியர் முன் ஓட்டிக்காட்டி, நிறுத்தி, திருத்திக்கொள்ளும் வகுப்பு வேண்டும். அந்தப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

மருத்துவர்கள் பதிவுக்குத் தயங்குவதன் காரணத்தை நான் அறிவேன். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது முதல், எந்தப் பதிவும் நமக்கெதிரான சாட்சியாகிவிடுமோ என்ற அச்சம் நம்மிடம் குடிகொண்டுவிட்டது. ஆனால் முறையாகச் செய்தவருக்கு அதே வீடியோதான் காப்பு. மருத்துவ ஆவணங்களை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அறுவை வீடியோவும் அந்த ஆவணங்களில் சேரும் என்று தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். தவற்றிலிருந்து கற்பதற்காக மருத்துவர்கள் தமக்குள் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் பேசப்படுவது தண்டனைக்கு அடிப்படையாகாது என்ற பாதுகாப்பும் அதனுடன் வேண்டும். மறுபுறம், நோயாளியின் உரிமை மருத்துவரின் அச்சத்தைவிட முக்கியமானது. மயக்கத்தில் கிடப்பவரின் உடலுக்குள் எடுத்த படம் அவருக்கு உரியது. அறுவைக்குச் சம்மதம் கேட்கும் தாளிலேயே ஓரத்தில் ஒரு வரியாக இதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது முறையாகாது. பதிவுக்கு, கற்பித்தலுக்கு, கணினிப் பயிற்சிக்கு என்று தனித்தனியாக, அவருக்குப் புரியும் தமிழில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. கேமரா வெளியே எடுக்கப்படும்போது அரங்கில் உள்ளோரின் முகம் பதிவாவதை நீக்குவதும், நோயாளியின் பெயரை அகற்றுவதும் அரங்கின் அன்றாட வேலையாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்வயத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், செயற்கை நுண்ணறிவு குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் இதற்கு வழி காட்டுகின்றன.

எல்லா அறுவைகளையும் முழுமையாகச் சேமிக்க இடமில்லை, பணமில்லை என்ற பதில் வரும் என்பதால், சிறிதாகத் தொடங்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பித்தப்பை அறுவையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அதிலும் கிளிப் போடுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை மட்டும் கட்டாயமாகச் சேமிக்கட்டும். முக்கோணத்தை முன்புறமும் பின்புறமும் திருப்பிக்காட்டும் அந்த ஒரு நிமிடத்தில்தான் சரியும் தவறும் தீர்மானமாகின்றன. அது ஒரு செல்பேசியில் அடங்கும் அளவுதான். மாதம் ஒருமுறை துறைத்தலைவர் முன்னிலையில் அவற்றை ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டு ஆண்டுகளில் நம் மக்களின் உடலிலிருந்து, நம் மருத்துவர்களின் கையிலிருந்து உருவான ஒரு தொகுப்பு நம்மிடம் இருக்கும். கணினிக்குக் கற்பிக்கும் வேலையை நம் பொறியியல் கல்லூரிகளோடு சேர்ந்து அப்போது தொடங்கலாம்.

தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஒரு மருத்துவமனை செயற்கை நுண்ணறிவுடன் கூடிய அறுவைக் கருவியை வாங்கியதாகச் செய்தி சேகரிக்கச் செல்லும்போது, சென்ற மாதம் அங்கே செய்யப்பட்ட லேப்ராஸ்கோப்பி அறுவைகளின் வீடியோக்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் பார்த்தார்கள் என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் செய்தியில் சேர்த்து வெளியிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அறுவை சிகிச்சை மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.