சுவருக்கு முன்னால் ஆட்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. வடசென்னை கொருக்குப்பேட்டையில் பழைய தொழிற்சாலை ஷெட் உங்கள் கலைக் குழுவுக்குக் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் 'ஷெட் காலியாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நம்பாதே. இரண்டு வாரம் காலை, மாலை, ராத்திரி போய், யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்துவை. கேரம் போர்டு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் கிடக்கிறதோ அந்த இடம் அவர்களுடையது. மேடையை வேறு மூலையில் போடுங்கள்.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இரும்பு டிரம் செய்த பழைய தொழிற்சாலையைக் கட்டிடக் கலைஞர் லினா போ பார்டி பார்க்கப் போனபோது, விடுமுறை நாளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒழுகுகிற கூரைக்கடியில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கலைக்காமல் அவர் கட்டியதுதான் 1982இல் திறந்த செஸ்க் பொம்பேயா என்கிற கலை, விளையாட்டு மையம். 1918இல் மில் தொழிலாளர்களின் சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே ரிட்டயர் ஆன மில்காரர்களைக் கூட்டிவந்து, தரையில் போல்ட் ஓட்டைகளைக் காட்டி, எங்கே எந்த மெஷின் நின்றிருக்கும் என்று சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். அதுவே முதல் படைப்பு. சிமெண்ட் பூசி அந்த ஓட்டைகளை மூடிவிடாதீர்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் துளை போடவோ, உடைக்கவோ, உலர்வாகத் தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்து நோயாகத் திரும்பி வரும். விளக்கும் ஸ்பீக்கரும் கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டுத் தொங்கட்டும், அதுவும் எவ்வளவு எடை தாங்கும் என்று இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு. வெள்ளம் வருகிற ஏரியா, அதனால் பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மெயினில் கட்டாயம்.

இப்போது நீ கேட்ட சுவர் ஓவியம். செங்கல் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் பிளாஸ்டிக் எமல்ஷன் நிற்காது. பெயிண்ட் ஈரத்தை அடைத்துவிடும், உப்பு அதன் பின்னால் படிகமாகி, கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். ஒரு மீட்டர் சதுர பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடு. காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் எமல்ஷனை மறந்துவிடு. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து அள்ளிக் கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

அங்கே சுண்ணாம்புதான் சரி, அது மூச்சு விடும். நீர்த்த சுண்ணாம்பைச் சில நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள். சுவரை நனைத்துவிட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று கோட். நிறம் காவி, மஞ்சள் காவி, இரும்பு ஆக்சைடு கறுப்பு. இவை சுண்ணாம்பில் வெளுக்காது. உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காமல் பொடிப்பொடியாக உதிரும், அதனால் காலை நிழலில் வேலை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் காய்ந்த சுவரில் கரித்துண்டால் கோடு போடட்டும், பெரியவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நிரப்பட்டும். பிள்ளை போட்ட கோட்டை மட்டும் யாரும் 'திருத்த' வேண்டாம்.

சுவரில் பூத்திருக்கிற வெள்ளை உப்பு தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது? டேப் வைத்து அளந்து, படத்தோடு எழுது. எவ்வளவு சுண்ணாம்பு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்