எட்டு மணிக்குமேல் அழைக்க வேண்டாம் என்று சொன்ன அக்காவுக்கும், உடனிருந்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கொரோனாவால் மூடியிருந்த எங்கள் பள்ளி 2021 நவம்பர் 1 அன்று திறந்தாகிவிட்டது. 2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகள், முகக்கவசமும் அரை அடி கூடுதல் உயரமுமாக ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்ட நிறைவோடு, தீபாவளி விடுமுறையில் இந்த மடலை எழுதுகிறேன். கடந்த மே மாதம் எங்கள் வீட்டில் நடந்தவை இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும்; அவற்றை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய நீண்ட மாதங்களிலும் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதே என் நோக்கம்.

முதல் நன்றி என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயாருக்கு. ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் பல பெண்கள் செய்வதைப் போல அவரும் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன்.

பள்ளி மூடியிருந்த காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் என்பது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுவும்தான். தொலைக்காட்சிக்கு ஒரு நேரம் இருந்தது, வாட்ஸ்அப்புக்கு இல்லை. பல வீடுகளில் இருந்த ஒரே ஆண்ட்ராய்டு போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். ஆகவே வீட்டுப்பாடப் படங்கள் இரவு எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றைத் தாண்டியும் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அந்த அப்பாக்களையும் சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி கொடுப்பது, என் மகனை அவனுடைய இணைய வகுப்புப் பாடங்களோடு உட்கார வைப்பது, மறுநாளைக்கு மாவாட்டுவது எல்லாம் அதே நேரத்தில்தான் நடந்தாக வேண்டியிருந்தது. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிவரங்களைக் கேட்டு வரும் செய்திகளும் அதே போனில்தான் வந்தன.

ஒரு நாள் காலை, குழுவில் அந்த அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. “நம்ம தெருப் பிள்ளைகள் நோட்டை எல்லாம் பகல்லயே நான் போட்டோ எடுத்து அனுப்பிருதேன். எட்டு மணிக்கு மேல யாரும் டீச்சருக்குப் போன் போடாதிய. அவியளும் சோறு பொங்கணும்லா.” அவ்வளவுதான். யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அன்று தொடங்கி நாள்தோறும் காலை பத்து மணிக்கு அந்தத் தெருவின் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையில் இடைவெளி விட்டு அமர்ந்தார்கள். அவர்கள் எழுதி முடித்ததும் அக்கா ஒவ்வொரு நோட்டாகப் படம் பிடித்து, யாருடையது என்று குரலில் சொல்லி அனுப்புவார். அந்தப் படங்கள் பலவற்றின் ஓரத்தில், காற்றில் தாள் புரளாமல் அழுத்திப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரலும் நகக்கண்ணில் ஏறிய புகையிலைக் கறையும் தெரியும். எந்தப் படத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

புகையிலைத் தூள் பிள்ளைகளின் மூக்கில் ஏறக் கூடாது என்று அந்த ஒரு மணி நேரமும் அவர் பீடி சுற்றும் முறமான சுளகை உள்ளே எடுத்து வைத்துவிடுவார் என்பதைப் பிறகு அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தேன். பீடி சுற்றுபவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. சுளகை எடுத்து வைத்த நேரத்துக்குக் கூலி இல்லை. மாதம் தவறாமல் அரசுச் சம்பளம் பெற்றுவந்த என் இரவுகளுக்காக, அந்தக் கூலியை அவர் விட்டுக்கொடுத்தார். மே மாதத்தில் நான் குழுவுக்கே வர முடியாமல் போனபோதும் திண்ணையை அவர் நிறுத்தவில்லை. முந்தைய ஆண்டுப் பாடங்களையே பிள்ளைகளை மாறி மாறி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இந்த அக்டோபர் 27 அன்று தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்த செய்தியைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் அது முன்பே நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “வேலை வீட்டுக்குள்ள வந்துட்டுன்னா அதுக்குப் பொழுது விடியவும் செய்யாது, அடையவும் செய்யாது டீச்சர். எங்களுக்குத் தெரியாதா?” என்றார். தொற்றுக்காலத்தில் ஆசிரியைகளான நாங்கள் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, பீடி சுற்றும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். வேலையையும் வீட்டையும் சமன் செய்துகொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதி என்பதை அறிந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமன் என் திறமையால் வந்ததல்ல. என் நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று வேறொருவர் எனக்காகப் பேசிய பிறகே வந்தது.

நோய்ப் படுக்கையில் இருந்த எங்களை நாள் தவறாமல் வாசலில் நின்று விசாரித்து, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லிக் குறித்துக்கொண்ட கிராம சுகாதாரச் செவிலியருக்கும், கேட்டில் தூக்குவாளியை மாட்டிவிட்டுச் சொல்லாமலே போன பக்கத்து வீட்டாருக்கும், என் மகனைத் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொண்ட ஓரகத்திக்கும், மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தில் என் வகுப்புக்கான பதிவுகளைத் தங்கள் வேலையோடு சேர்த்துச் செய்த சக ஆசிரியர்களுக்கும், சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் வழங்கிய நாட்களில் எனக்குரிய பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட சத்துணவு அமைப்பாளருக்கும், விடுப்புக் கேட்டபோது மறுகேள்வி கேட்காத தலைமை ஆசிரியருக்கும் என் நன்றி. அந்த மாதங்களில் சமையலறையை முழுதாக ஏற்றுக்கொண்டு, இன்றுவரை அதில் பாதியைத் திருப்பித் தராத என் கணவருக்கும் நன்றி.

இனி இரவு எட்டு மணிக்குமேல் எந்தப் பெற்றோருக்கும் நான் செய்தி அனுப்பமாட்டேன். எங்கள் வகுப்புக் குழுவுக்கு அக்கா வகுத்த அந்த நேரத்தையே விதியாக எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதை எல்லா வகுப்புகளுக்கும் கொண்டுவரும்படி கேட்கப்போகிறேன். மாலையில் அக்கா பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகும் நேரத்தில் அவருடைய மகள் பள்ளியில் என்னுடன் இருந்து விடுபட்ட பாடங்களுக்கான புத்தாக்கப் பயிற்சிக் கட்டகத்தை முடிப்பாள். அக்காவிடம் சொல்லிவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
ஏழாம் வகுப்பு ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
தென்காசி மாவட்டம்.