ரத்ததானக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முகாம் வாரியான எண்ணிக்கையும் வரவு செலவும் பொருளாளரின் பட்டியலில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. முகாமுக்கு வந்தும் ரத்தம் கொடுக்காமல் திரும்பும் பெண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெண்களுக்கு ஊசி என்றால் பயம் என்று மேடைதோறும் சொல்லிவருகிறோம். பயந்தவர் முகாமுக்கே வரமாட்டார். வந்தவரை நிறுத்துவது பெரும்பாலும் ஹீமோகுளோபின்தான். விதிப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைந்தபட்ச அளவு: டெசிலிட்டருக்கு 12.5 கிராம். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, 12.2 உள்ள பெண்ணுக்கு ரத்தசோகையும் இல்லை, ரத்தம் கொடுக்கவும் முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலோ, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை.

விதியை மாற்ற நம்மால் ஆகாது. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கலாம். காப்பர் சல்பேட் கரைசலில் விட்ட ரத்தத்துளி 15 விநாடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும், தேர்ச்சி. விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து துளி லேசாகி மிதக்கும். காற்றுக்குமிழி ஒட்டினாலும் அப்படித்தான். மூடாமல் வைத்த கரைசல் வெயிலில் வற்றி அடர்த்தி ஏறினால், நல்ல ரத்தமும் தோற்றுவிடும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறும் துளியை எடுக்க வேண்டும். 30 மில்லி கரைசல் 25 பேருக்குத்தான். துளி மிதந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் அளக்கும் கருவியில் மறுபடி பார்க்குமாறு ரத்த வங்கியைக் கேட்டுக்கொள்வோம்.

அடுத்தது படிவக் கேள்விகள். மாதவிலக்கு நாட்கள், பிரசவத்துக்குப் பின் 12 மாதம், கருச்சிதைவுக்குப் பின் 6 மாதம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் ஆகியவற்றில் ரத்தம் எடுக்கக் கூடாது. ஆண் தொண்டர் வரிசையில் வைத்துச் சத்தமாகக் கேட்டால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? திரைக்குப் பின்னால் பெண் தொண்டர் கேட்கட்டும். 45 கிலோவுக்குக் குறைந்தால் கொடுக்க முடியாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஆடி வெள்ளியில் முகாம் வைப்பதை விட்டுவிட வேண்டும். விரதத்தோடு வரும் ஒல்லியான, முதல்முறைக் கொடையாளர்தான் மயங்கி விழுகிறார். அதைப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்பவர்களும் நழுவுகிறார்கள். கொடைக்கு முன் சாப்பாடும் அரை லிட்டர் தண்ணீரும் கட்டாயம்.

350 மில்லி ரத்தத்தோடு ஏறத்தாழ 150 மில்லிகிராம் இரும்புச்சத்து போய்விடுகிறது. பெண்களுக்கு இரு கொடைகளுக்கு இடைவெளி ஆண்களைப் போல 90 நாள் அல்ல, 120 நாள். எல்லாருக்கும் ஒரே நாளில் போகும் நினைவூட்டல் குறுஞ்செய்தியைப் பிரித்தாக வேண்டும்.

வரும் ஆண்டுக்கு நான் முன்வைப்பது இரண்டு. முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். திருப்பி அனுப்பப்படுபவரிடம் அவருடைய அளவையும் மறுபடி வரவேண்டிய தேதியையும் எழுதிய சீட்டைக் கொடுப்பது மற்றொன்று. "உங்களுக்கு ரத்தம் பத்தாதும்மா" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பினால் அவர் திரும்ப வருவதில்லை.

இவ்விரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்